கொழுஞ்சிப் பூவும் நாப்பத்தாறு பருந்தும்

"இருபத்தி மூணு, ஆண், வடகிழக்கு"ன்னு இவுக சொன்னாக. "இருபத்தி மூணு, ஆண், வடகிழக்கு"ன்னு நானும் திருப்பிச் சொல்லி எழுதினேன். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. கோவில்பட்டிக்குக் கிழக்க ஆறு கிலோமீட்டர் தள்ளி, இந்தக் கரிசத் தரிசுல ஆளுக்கொரு மடக்கு ஸ்டூலப் போட்டு உக்காந்துருக்கோம். மணி அஞ்சரை. தை மாசத்து வெயில் முதுகுல விழுது. பூனைப்பருந்து எண்ணுறோம். பகலெல்லாம் எங்கெங்கயோ வெட்டுக்கிளியும் சுண்டெலியும் பிடிச்சுத் தின்னுட்டு, பொழுது சாயுறப்போ இந்தப் புல்லுக்குள்ள வந்து தரையில படுக்கிற பருந்து. மரத்துல அடையாது, அப்படி ஒரு பிறவி. வருஷத்துக்கு ஒரு நாள், வந்து இறங்குறத எண்ணி பெங்களூர்ல இருக்கிற ஒரு பறவைக் குழுவுக்கு அனுப்பணும். பார்க்கிறது என் வீட்டுக்காரர் இவுக, எழுதுறது நான். பார்க்கிறவன் பைனாக்குலர விட்டுக் கண்ண எடுக்கக்கூடாது, எழுதுறவ தலையத் தூக்கக்கூடாது, கேட்டதத் திருப்பிச் சொல்லித்தான் எழுதணும். இது இவுக சட்டம். முப்பத்தி நாலு வருஷம் சர்வே டிபார்ட்மெண்ட்ல குப்பை கொட்டுன மனுசன். கருவியில கண்ணு வச்சவன் சொல்லுவான், புத்தகம் வச்சிருக்கிறவன் திருப்பிச் சொல்லுவான், ரெண்டு பேரும் ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிட்டா வயக்காட்டுல கொலையே விழும்பாக. ஆவுடையப்பன் சர்வேயர் அளந்து நட்ட கல்ல எந்தக் கோர்ட்டும் பிடுங்குனது கெடையாதுன்னு இன்னிக்கும் தாலுகா ஆபீஸ்ல பேச்சு இருக்கு. எனக்கும் இது பழகுன வேலதான். டெலிபோன் எக்சேஞ்சுல இருபத்தி ஆறு வருஷம் அடுத்தவன் சொன்ன நம்பரத் திருப்பிச் சொல்லியே சம்பளம் வாங்குனவ நான். வீட்டுலயும் அப்படியே ஆயிப்போச்சு. இவுக சொல்லுவாக, நான் திருப்பிச் சொல்லுவேன். இவுக எதையும் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்ல, அது வேற கதை.

தலையத் தூக்கக்கூடாதுன்னா பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? நோட்டு இருக்கு, பேனா இருக்கு, இவுக செருப்பு இருக்கு, என் காலுக்குப் பக்கத்துல ஒரு கொழுஞ்சிச் செடி இருக்கு. பன்னெண்டு வருஷமா இதுதான் என் காட்சி. கொழுஞ்சின்னா ஆருக்கும் ஒரு மதிப்பும் கெடையாது, வயலுக்கு உரமாப் போட்டு மிதிக்கிற செடி, ஆடு கூடச் சீந்தாது. ஆனா பூவப் பாருங்க, கத்திரிப்பூ நெறத்துல, பட்டாணிப் பூ மாதிரி வாய்வச்சு, ஒரு குச்சியில ஏழெட்டு. கிட்டக்கப் பார்த்தா உள்ளுக்குள்ள வெள்ளையா ஒரு கீத்து ஓடும். முத வருஷம் நான் சந்தோஷமா இவுக கிட்ட காட்டினேன். இவுக பைனாக்குலர இறக்காமலே, "வடிவு, பூவுக்கு என்ன, இன்னிக்கும் அங்கனதான் நிக்கும், நாளைக்கும் அங்கனதான் நிக்கும். அதப் பார்க்கக் கண்ணு எதுக்கு? பருந்து அப்படியா, ஒரு செகண்டுல வரும் போகும்"ன்னாக. அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல. நான் மனசுக்குள்ளயே போட்டுக்கிட்டு இருக்கேன். பருந்து ரஷ்யாவுக்கும் அந்தப் பக்கத்துல இருந்து வருதாம், மலையத் தாண்டி, பாலைவனத்தத் தாண்டி. இந்தக் கொழுஞ்சியால இந்த வரப்பத் தாண்ட முடியாது. அதெல்லாம் சரி. ஆனா பூவ நான் பார்த்தேன்னு சொன்னா, நம்பாதவுக நாளைக்கு வந்து பார்த்துக்கிடலாம். குனிஞ்சு தொட்டுப் பார்க்கலாம், கிள்ளி மோந்து பார்க்கலாம். பருந்துக்கு என்ன சாட்சி? பார்த்தவன் வாய்தான் சாட்சி. அவன் சொன்னா வந்துச்சு, சொல்லாட்டி வரல. அப்போ எது பெருசு, எது உறுதி? இதச் சொன்னா, சும்மா கெட கிறுக்கச்சின்னு வாய அடைச்சிருவாக, அதனால சொல்லுறதில்ல.

"இருபத்தி நாலு, தென்கிழக்கு." நான், "ஆணா பெண்ணா?"ன்னேன். அந்தக் கட்டம் காலியா இருந்தா இவுகளுக்குத்தான் ஆகாது. ஆண்னா சாம்பலும் வெள்ளையுமா இருக்கும், பெண்ணுன்னா தவிட்டு நெறம், கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவாக. "தூரம்"ன்னாக. சரி, தூரம். "இருபத்தி அஞ்சு, தென்கிழக்கு." ஆணா பெண்ணா? "தூரம்னு சொல்லுதேன்லா." இருபத்தி ஆறு, இருபத்தி ஏழு, எட்டு, மளமளன்னு வருது. போன வருஷம் மொத்தமே பத்தொம்போது. இவுக குரல்ல ஒரு துள்ளல் வந்துருச்சு, அறுபத்தி ஆறு வயசு மனுசன், ஐஸ் வண்டியப் பார்த்த பிள்ள மாதிரி. "வடிவு, இந்த வருஷம் ரெக்கார்டு, எழுது எழுது"ங்காக. எழுதுதேன். கட்டம் காலியாவே போகுது. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, தென்கிழக்கு தென்கிழக்கு தென்கிழக்கு. அப்புறம் இவுக ஸ்டூல வடக்க திருப்பிப் போட்டாக. தலையத் தூக்காமலே எனக்குத் தெரியும், செருப்பு வடக்க திரும்பிருச்சு. உடனே வடகிழக்கு வடகிழக்கு வடகிழக்கு. பேனா ஓடிக்கிட்டே இருக்கு, என் புத்தி மட்டும் ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. செருப்பு கெழக்க பார்த்தா பருந்து தென்கிழக்குல இறங்குது. செருப்பு வடக்க பார்த்தா வடகிழக்குல இறங்குது. அதாவது இவுக எந்தப் பக்கம் திரும்புனாலும் பருந்து இவுக வலது பக்கந்தான் இறங்குது. அதெப்படி? தற்செயலா இருக்கும். பருந்துக்குத் தெரியுமா சர்வேயர் செருப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு?

"என்னங்க, கொஞ்சம் தெக்க திரும்பிப் பாருங்க, அங்கன ஏதோ சத்தம் கேட்டுச்சு"ன்னேன். சத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, வாய்ல வந்த பொய்யி. செருப்பு தெக்க திரும்புச்சு. "முப்பத்தி ரெண்டு, தென்மேற்கு." தென்மேற்கு. தெக்க பார்த்து உக்காந்தவனுக்கு வலது கை பக்கம் அதுதான். "முப்பத்தி ரெண்டு, தென்மேற்கு"ன்னு என் வாய் திருப்பிச் சொல்லிருச்சு, பழக்கம். அப்போதான் எனக்குத் தங்கபுஷ்பத்து ஞாபகம் வந்துருச்சு. எக்சேஞ்சுல என் பக்கத்து போர்டுல இருந்தவ. ஒரு நாள் காலையில, "வடிவு, கண்ணு முன்னால கொசு பறக்குடி, அடிச்சா சாக மாட்டேங்கு"ன்னு சிரிச்சா. நாங்களும் சிரிச்சோம். கொசு கூடிக்கிட்டே போச்சு. அண்ணன் மக கல்யாணம் நாலு நாள்ல, அது முடியட்டும்னு இருந்தா. கல்யாணத்தன்னிக்கு ராத்திரி கீழ இருந்து கருப்பா ஒரு திரை ஏறி வந்துச்சாம். மதுரைக்குக் கூட்டிப் போனா, டாக்டர், கண்ணுக்குள்ள பின்பக்கத்துத் தோல் கிழிஞ்சு கழண்டு போச்சும்மா, கொசு தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா ஒட்ட வச்சிருப்பேன், நாலு நாள் வச்சுக்கிட்டு இருந்துட்டியேன்னாரு. அப்புறம் ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் ஒத்தக் கண்ணோட போர்டப் பார்த்தா, பாவி. வலது பக்கத்து ஓட்டையெல்லாம் விரலால தடவித் தடவித்தான் கம்பியச் சொருகுவா. அவ அழுது நான் பார்த்ததில்ல, டீ டம்ளர மட்டும் அடிக்கடி தட்டி விட்டுருவா.

இன்னொண்ணும் இருக்கு, அதுதான் என்னைப் பிடுங்குது. முந்தாநாள் பாத்ரூமுல சவரம் பண்ணிக்கிட்டு இருக்கப்போ, "ஏ வடிவு, இந்த டியூப்லைட்டு மினுக்கு மினுக்குன்னு வெட்டுது, ஆளக் கூப்பிட்டு மாத்து"ன்னாக. எனக்கு அது நல்லாத்தான் எரிஞ்சுது. ஆனா இவுக சொன்னாகன்னா திருப்பிச் சொல்லத்தானே எனக்குத் தெரியும்? எலக்ட்ரீசியனுக்குப் போனப் போட்டு, லைட்டு மினுக்கு மினுக்குன்னு வெட்டுதுன்னு நானும் சொன்னேன். அந்த ஆளு வந்து பார்த்துட்டு, நல்லாத்தானம்மா இருக்குன்னான். இருந்தாலும் மாத்திருங்கன்னேன். சோக்க மாத்தினான், ஸ்டார்ட்டர மாத்தினான். சாயங்காலமும் மினுக்குதுன்னாக. ஆத்தாடி, லைட்டுல இல்லையே அது. தங்கபுஷ்பமும் கொசுவோட கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுதுன்னு சொன்னாளே. மனுசன் கண்ணு வெட்டுதுன்னு சொல்லுது, நான் டியூப்லைட்ட மாத்தியிருக்கேன். அன்னிக்கே கேட்டிருந்தா? ரெண்டு நாள் போச்சு. தங்கபுஷ்பத்துக்கு நாலு நாள். அப்போ இன்னும் ரெண்டு நாள் இருக்கா? அப்படியா கணக்கு? இது என்ன பால் பாக்கெட்டா, தேதி போட்டு வர்றதுக்கு? "முப்பத்தி மூணு." ஐயோ, சும்மா இருங்களேன்.

முப்பத்தி மூணுல நான் தலையத் தூக்குனேன். பன்னெண்டு வருஷத்துல முதத் தடவ. ஏதோ கோயில்ல சாமிக்கு அலங்காரம் பண்ணுறப்போ திரைய விலக்குன மாதிரி இருந்துச்சு. தென்மேற்குல வானம் மஞ்சளா, சுத்தமா, துடைச்சு வச்ச தாம்பாளமாக் கெடந்துச்சு. ஒண்ணுங் கெடையாது. ஒரு காக்கா கூட இல்ல. என் கண்ணு மட்டும் ஒழுங்கான்னு உடனே ஒரு சந்தேகம். ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து லென்ஸ் வச்சவ நான், இவுக பைனாக்குலர்ல பார்க்கிறத நான் வெறுங்கண்ணால பார்த்து இல்லைங்க முடியுமா? ஒருவேள அங்கன நெசமாவே இருக்குமோ, புள்ளி மாதிரி, எனக்குத்தான் எட்டலையோ. கல்யாணமாகி நாப்பது வருஷம் கழிச்சு, எழுதுறவ எந்திரிச்சு, கருவியில கண்ணு வச்ச ஆளப் பார்த்து நீ பார்க்கிறது பொய்யின்னா, அதுவும் ஆவுடையப்பன் சர்வேயரப் பார்த்து? இப்படி நான் கெடந்து குழம்புறப்போ, வடக்க இருந்து ஒண்ணு வந்துச்சு. நெசமாவே வந்துச்சு. புல்லுக்கு ஒரு முழம் மேல, ரெக்கைய அசைக்காம, லேசா மேல தூக்கி வச்சுக்கிட்டு, அங்கிட்டுச் சாஞ்சு இங்கிட்டுச் சாஞ்சு, ஆரையோ தேடுற மாதிரி ஒரு நடை. சாம்பல் நெறம், ரெக்கை நுனி மட்டும் மையில முக்குனாப்புல. இம்புட்டு அழகா இருக்கும்னு இந்த மனுசன் ஒரு நாளும் சொன்னதில்லையே! நூத்துக்கணக்குல எழுதிட்டேன், இன்னிக்குத்தான் பார்க்கேன். எங்களுக்குக் கெழக்க, கூப்பிடு தூரத்துல, பொத்துன்னு புல்லுக்குள்ள இறங்குச்சு. இவுக பைனாக்குலர் தெக்க இருக்கு. "முப்பத்தி நாலு, தென்மேற்கு"ன்னாக. பக்கத்துல இறங்குனத விட்டுட்டு, இல்லாதத எண்ணுதாக.

அப்புறம் நான் எழுதினேன், திருப்பிச் சொன்னேன், ஓரத்துல பேனாவால புள்ளியும் வச்சேன், நான் பார்த்ததுக்கு மட்டும். முப்பத்தி மூணுல இருந்து நாப்பத்தாறு வரைக்கும் இவுக சொன்னது பதினாலு. என் புள்ளி மூணு. உடனே சொல்ல வேண்டியதுதானே, ஏன் சொல்லல? பயம். கண்ணு போயிரும்ங்கிற பயம் ஒரு பக்கம், இந்தச் சந்தோஷத்த நான் பிடுங்கணுமேங்கிற பயம் ஒரு பக்கம். ரிட்டயர்டு ஆனதுல இருந்து இவுக முகத்துல இப்படி ஒரு வெளிச்சத்த நான் பார்க்கல. இன்னும் அஞ்சு நிமிஷம் எண்ணட்டும், அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிரப்போகுதுன்னு ஒரு நெனப்பு. தங்கபுஷ்பமும் இப்படித்தான் நெனச்சிருப்பா, கல்யாணம் முடியட்டும்னு. சீ, என்ன பொம்பள நான்! குனிஞ்சு கொழுஞ்சியப் பார்த்தேன். அது பாட்டுக்கு நிக்குது. எப்ப வந்து கேட்டாலும் நெசத்தச் சொல்லும், அதுக்கு என்ன பயம்? ஒரு கொத்தக் கிள்ளினேன். பன்னெண்டு வருஷத்துல கிள்ளினதும் இன்னிக்குத்தான்.

"நாப்பத்தேழு, தென்மேற்கு"ன்னாக. நான் திருப்பிச் சொல்லல. "நாப்பத்தேழு, தென்மேற்கு. என்ன, தூங்கிட்டியா? திருப்பிச் சொல்லு"ன்னாக. "சொல்ல மாட்டேன்"னேன். என் குரல் எனக்கே வேற ஆரோ பேசுன மாதிரி இருந்துச்சு. பைனாக்குலர் இறங்குச்சு. "ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருச்சா? வர்ற நேரத்துல!" நான் எந்திரிச்சுப் போயி இவுக முன்னால நின்னேன். "இடது கண்ணப் பொத்துங்க." "எதுக்கு?" "பொத்துங்கன்னு சொல்லுதேன்லா!" நாப்பது வருஷத்துல நான் போட்ட முதச் சத்தம். மனுசன் மிரண்டு போயிப் பொத்திட்டாக. கொழுஞ்சிக் கொத்த ஒரு முழத் தூரத்துல இவுக மூக்குக்கு நேரா நீட்டுனேன். "என்ன தெரியுது?" "பூவு. ஒன் கொழுஞ்சி. வேற என்ன?" எனக்கு உயிரே வந்துச்சு, அப்பாடா, நான்தான் கிறுக்கச்சின்னு சிரிக்கக்கூடப் போயிட்டேன். அப்புறம் இவுக கண்ணச் சுருக்குனாக. தலைய இப்படிச் சாச்சாக, அப்படிச் சாச்சாக. "பூ தெரியுது"ன்னாக மெதுவா. "அது மேல கருப்புக் கருப்பாப் புள்ளி இறங்குது." அப்புறம், "வடிவு, பூ மட்டும் நிக்குது. ஒங் கையத்தான் காணோம்"ன்னாக.

கோவப்படுவாகன்னு நெனச்சேன், படல. ஸ்டூல்லயே உக்காந்து, வலதையும் இடதையும் மாத்தி மாத்திப் பொத்தி, வானத்தப் பார்த்தாக, தரையப் பார்த்தாக. கல்லு சரியா நட்டிருக்கான்னு சோதிக்கிற மாதிரி. நான் தங்கபுஷ்பத்தச் சொன்னேன், டியூப்லைட்டச் சொன்னேன், இன்னிக்கே மதுரைக்குப் போகணும்னு சொன்னேன். "ம்"னாக. "எத்தன எழுதியிருக்க?" "நாப்பத்தாறு." "எதுல இருந்து ஆணா பெண்ணா போடல?" "இருபத்தி நாலுல இருந்து." "நீ எதுல இருந்து பார்த்த?" இது எப்படித் தெரிஞ்சுது? நான் தலையத் தூக்குனத இவுக பார்க்கலையே. சர்வேயர் புத்தி, ஏமாத்த முடியாது. "முப்பத்தி மூணுல இருந்து. மூணுதான் நெசம்." "மூணு"ன்னு உதடு மட்டும் அசைஞ்சுது. அப்புறம் ஆபீஸ் குரல் வந்துச்சு. "முப்பத்தி மூணுல இருந்து அடி. ஒரே கோடு, உள்ளது தெரியணும், அழிக்கக்கூடாது. ஒன் மூணையும் கீழ எழுது. இருபத்தி நாலுல இருந்து முப்பத்தி ரெண்டு வரைக்கும் கேள்விக்குறி போடு, அது என் பொறுப்பு." அடிச்சேன். கோடு கோணிப்போச்சு. இவுக கையெழுத்துப் போட நோட்ட நீட்டினா, வாங்கல. "நீயே போடு, பார்த்தது நீதானே"ன்னாக. சண்முகவடிவுன்னு முழுசா எழுதினேன். எப்பவும் எஸ்.வி.ன்னுதான் போடுவேன்.

எங்க தெருவுல டாக்சி ஓட்டுற ஆரோக்கியத்துக்குப் போனப் போட்டேன், ரோட்டுல வந்து நில்லுங்க, நேரா மதுரைக்கு, வண்டி குலுங்காம ஓட்டணும்னு. நாங்க வந்த ஸ்கூட்டர் இங்கனயே கெடக்கட்டும், ஆரும் தூக்கிட்டுப் போகட்டும். ஸ்டூல் ரெண்டையும் பிளாஸ்க்கையும் ஒரு கையில எடுத்துக்கிட்டு, இன்னொரு கையால இவுக முழங்கையப் பிடிச்சேன். பிடிக்க விட்டாக. குனியாதீக, தலைய ஆட்டாதீகன்னு சொல்லிக்கிட்டே வரப்புல நடந்தோம். வலது பக்கம் பள்ளம் வந்தா, பள்ளம்னேன். கல்லு வந்தா, கல்லுன்னேன். "ஒட்டிருவாங்களா?"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாக, சின்னப் பிள்ளையாட்டம். "ஒட்டிருவாங்க"ன்னேன். எனக்கு என்ன தெரியும்? நான் என்ன டாக்டரா? ஆனாலும் சொன்னேன். பொழுது அடங்கிப்போச்சு, ரோட்டுல டாக்சி வெளிச்சம் தெரியுது. அப்போ எங்க தலைக்கு மேல, கைக்கு எட்டுற உயரத்துல, சத்தமே இல்லாம ஒண்ணு போச்சு. நான் நின்னுட்டேன். என் கை நின்னதும் இவுகளும் நின்னாக, தலைய மட்டும் தூக்கல, அப்படியே நேராப் பார்த்துக்கிட்டு, "என்ன, வந்துச்சா?"ன்னாக. "வந்துச்சு"ன்னேன். "ஒண்ணு. ஆண். கிழக்கு." நோட்டு பைக்குள்ள இருக்கு, எழுத முடியாதுன்னு சொல்லப் போனேன். அதுக்குள்ள இவுக, கண்ணு ரெண்டையும் மூடிக்கிட்டு, "ஒண்ணு, ஆண், கிழக்கு"ன்னு திருப்பிச் சொன்னாக.